கியர் பாக்ஸுக்கும் ஒரு முள்



சென்னையில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் என்ஜின் சூட்டைப் பற்றிய பயம் உண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பார்கள், ஃபேன் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள், டாஷ்போர்டு முள் நடுவைத் தாண்டினால் ஏ.சி.யை அணைப்பார்கள். கிளட்ச் பெடல் இல்லாத காரில் அந்த என்ஜினை ஒட்டியே ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் இருக்கிறது. அதுவும் சூடாகிறது. ஆனால் அதற்குள் இருக்கும் ஆயில் இப்போது எத்தனை டிகிரி என்பதைப் பெரும்பாலான கார்கள் ஓட்டுபவருக்குச் சொல்வதே இல்லை. எல்லை மீறிய பிறகு ஒரு விளக்கு எரியும். சில கார்களில் அதுவும் கிடையாது. அந்தச் சூட்டை அளக்க ஒரு சென்சாரை எங்கே, எப்படிப் பொருத்துவது என்பதுதான் இந்த உரையின் பொருள்.

முதலில், யாருக்கு இது தேவை? நம் ஊரில் கிளட்ச் பெடல் இல்லாத எதையும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று சொல்லிவிடுகிறோம். 2014-இல் மாருதி செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகை உண்மையில் சாதாரண கியர் பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மோட்டாரும் ஹைட்ராலிக்கும் செய்கின்றன, அவ்வளவே. அங்கே சூடாவது கிளட்ச் தட்டு. ஆயிலில் சென்சார் வைத்துப் பயனில்லை. உலர் கிளட்ச் கொண்ட டி.சி.டி. என்னும் இரட்டை கிளட்ச் வகையும் கிட்டத்தட்ட அப்படியே. பம்பர் ஒட்டி நகரும் நெரிசலில் அதன் கிளட்ச் சூடேறினால், கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு டாஷ்போர்டில் எச்சரிக்கும். சி.வி.டி.க்கு ஆயில் சூடு முக்கியம், ஆனால் அதன் ஆயிலும் எல்லைகளும் தனி. இங்கே பேசப்போவது டார்க் கன்வர்ட்டர் உள்ள அசல் ஆட்டோமேட்டிக்கைப் பற்றி. 1990களில் மாருதி ஜென்னில் வந்தது, இருங்காட்டுக்கோட்டையில் உருவான ஹூண்டாய் ஐ10-இன் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது, பின்னர் இன்னோவா கிரிஸ்டாவின் ஆட்டோமேட்டிக்கில் வந்தது எல்லாம் இந்த வகை. மயிலாப்பூர் மாட வீதிகளிலும் காந்தி நகரிலும் முழங்கால் வலிக்குப் பயந்து ஆட்டோமேட்டிக் வாங்கிய பெரியவர்கள் பலரிடம் இருப்பதும் இதுவே. இந்தக் கார்களில் பல பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிவிட்டன. ஆயிலின் சூட்டைக் கவனிக்க வேண்டிய வயது அது.

டார்க் கன்வர்ட்டரை உலகுக்குத் தந்தவர் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். 1905-இல் அவர் காப்புரிமை பெற்றது காருக்காக அல்ல, கப்பலுக்காக. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியோடு இணைக்க ஒரு வழி தேவைப்பட்டது. எதிரெதிரே வைத்த இரண்டு மேசை விசிறிகளில் ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், அதன் காற்றில் மற்றதும் சுழலத் தொடங்கும் அல்லவா? காற்றுக்குப் பதில் ஆயிலை வைத்தால் கன்வர்ட்டரின் அடிப்படை வந்துவிடும். என்ஜின் ஒரு பக்கத்தைச் சுழற்றுகிறது, ஆயில் அடுத்த பக்கத்தைத் தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையே இரும்புப் பிணைப்பு இல்லை. அதனால்தான் கியரில் இருக்கும்போதே பிரேக்கை அழுத்திக்கொண்டு நிற்க முடிகிறது.

சூடு பிறப்பதும் அங்கேதான். கியரை டி-யில், அதாவது டிரைவில், வைத்து பிரேக் மிதித்தபடி சிக்னலில் நிற்கும்போது ஒரு பக்கம் சுழல்கிறது, மறுபக்கம் அசையாமல் நிற்கிறது. என்ஜின் தரும் சக்தி போக வேறு இடம் இல்லை. ஆயிலைக் கலக்கிச் சூடாக்குவதில் முழுவதும் செலவாகிறது. மெதுவாக ஊர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே கதை. வேகமெடுத்த பிறகு லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பிணைத்துவிடும், வழுக்கல் நின்றுவிடும், ஆயில் ஆறத் தொடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் கியர் பாக்ஸ் நிம்மதியாக இருக்கிறது. உஸ்மான் ரோட்டில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நகரும் காரின் கியர் பாக்ஸ்தான் தவிக்கிறது.

எந்தச் சூடு சரி, எது தவறு? கியர் பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் 80 முதல் 95 டிகிரி வரை சாதாரணம். 110-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 120-க்கு மேல் நீடித்தால் ஆயில் சிதைந்து வார்னிஷ் போலப் படியத் தொடங்கும். அதற்கும் மேலே ரப்பர் சீல்கள் விறைக்கும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும், வழுக்கல் இன்னும் சூட்டைக் கூட்டும். கியர் பாக்ஸ் பட்டறைகளில் உலகெங்கும் புழங்கும் ஒரு கணக்கு உண்டு: 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் பாதியாகும். மினரல் ஆயில் காலத்துக் கணக்கு இது, இன்றைய சிந்தெட்டிக் ஆயில் இன்னும் தாங்கும். ஆனாலும் சரிவின் போக்கு அதேதான். 80-இல் ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் உழைக்கக்கூடிய ஆயில் 113 டிகிரியிலேயே ஓடினால் இருபதாயிரத்தில் முடிந்துவிடும். ‘லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்’ என்று சொல்பவர்கள் எந்தச் சூட்டில், யாருடைய சாலையில் என்று சொல்வதில்லை.

இந்த ஆயில் எவ்வளவு நுட்பமான பொருள் என்பதற்கு ஒரு வரலாற்றுச் செய்தி. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீலில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைட்ரா-மேட்டிக்’ ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த ஆயில்களில் பல ஆண்டுகள் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயும் சேர்ந்திருந்தது. அதிகச் சூட்டிலும் வழுவழுப்பை இழக்காத குணம் அதற்கு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்தத் திமிங்கில எண்ணெயைத் தடை செய்தது. திமிங்கிலத்துக்கு நல்ல காலம். ஆனால் மாற்றுச் சேர்க்கை கைகூடும் வரை அங்கே கியர் பாக்ஸ் பழுதுகள் பெருகின. சூட்டைத் தாங்க ஒரு கடல் உயிரினத்தின் எண்ணெயையே நம்பியிருந்த தொழில் இது.

இனி நம் ஊர். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 டிகிரிதான் சென்னையின் உச்சம். அப்படிப்பட்ட நாள் அபூர்வம் என்றாலும், கத்திரியில் கடல் காற்று தாமதமானால் 40-ஐத் தொடுவது புதிதல்ல. தார்ச் சாலைக்கு மேலே, முன்னால் நிற்கும் பஸ்ஸின் வெப்பக் காற்றுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு வந்து சேரும் காற்று அதைவிடச் சூடு. அந்தக் காற்று முதலில் ஏ.சி. கண்டென்சரைக் கடந்துதான் உள்ளே வர வேண்டும். கியர் பாக்ஸ் கூலர் பல கார்களில் ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள் இருக்கிறது. என்ஜின் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக அது ஆயிலை ஆக்கவே முடியாது.

இதோடு மெட்ரோ வேலையும் சேர்ந்துகொண்டது. மாதவரம்–சிப்காட் வழித்தடம் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு வழியாகவும், கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி வழித்தடம் கச்சேரி ரோடு, ஆழ்வார்பேட்டை, பனகல் பூங்கா வழியாகவும் பூமிக்கடியில் போகின்றன. வேலை நடந்த ஆண்டுகளில் தடுப்புகளும் மாற்றுப் பாதைகளுமாகத் தென்சென்னைக்காரர்கள் முதல் கியரின் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டிப் பழகிவிட்டார்கள். நகரத்துக்குத் தேவையான வேலை அது. கியர் பாக்ஸ்கள் கொடுத்த விலையை யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னொரு காரணம் நம் கையில் இருப்பது. கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றும் பழக்கம். அடையாறு, திருவான்மியூர்ப் பக்கம் பல வீட்டு போர் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளைப் படிவம் விடும். அதே படிவம் ரேடியேட்டர் குழாய்களிலும் கூலர் மேலும் ஏறுகிறது. ஆயிலின் சூடு விலகும் வேகம் குறைகிறது. என்ஜின் முள்ளோ பல கார்களில் நடுவில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. பத்து டிகிரி ஏறினாலும் அசையாது. அந்தப் பத்து டிகிரிதான் கியர் பாக்ஸ் ஆயிலின் ஆயுளில் பாதி.

சரி, சென்சாரை எங்கே வைப்பது? சென்சார் அளந்ததைக் காட்டும் கேஜ் எந்த பிராண்டு, அதன் விளக்கு நீலமா வெள்ளையா என்பதில்தான் இளைஞர்கள் நேரம் செலவழிக்கிறார்கள். உண்மையில் தீர்மானிக்க வேண்டியது இடம். இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஒரகடத்தில் அலிசன் டிரான்ஸ்மிஷன் நிறுவனத்தின் ஆலை உள்ளது. பஸ், லாரி, தீயணைப்பு வண்டிகளுக்கான ஆட்டோமேட்டிக் செய்யும் நிறுவனம். கனரக வண்டித் தொழிலில் கியர் பாக்ஸ் ஆயில் சூட்டைப் பார்ப்பது ஆடம்பரம் அல்ல, அன்றாடக் கடமை. அலிசனின் ஓட்டுநர் கையேட்டில் ஒரே கியர் பாக்ஸுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. சம்ப்பில் இயல்பு 71 முதல் 93 டிகிரி, உச்சம் 121. கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் வழியிலோ 149 வரை அனுமதி. ஒரே ஆயில்தான், ஒரே நேரம்தான், இடத்தைப் பொறுத்து 28 டிகிரி வித்தியாசம். சென்சார் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 130 என்ற எண்ணைப் பார்த்துப் பதறுவதும் தவறு, அலட்சியமாக இருப்பதும் தவறு.

கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் சூடு உடனுக்குடன் தெரியும். மேம்பாலம் ஏறும்போது எண் துள்ளும், இறங்கும்போது விழும். கன்வர்ட்டர் என்ன பாடுபடுகிறது என்று காட்டும் இடம் அது. இரண்டு குழாய்களில் எது போகும் குழாய்? குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து சிறிது நேரத்தில் தொட்டுப் பார்த்தால், முதலில் வெதுவெதுப்பாவது அதுதான். நடுவில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்று போட்டு சென்சாரைத் திருக வேண்டும். அந்த இணைப்பின் உள் துவாரம் குழாயைவிடச் சிறியதாக இருக்கக்கூடாது, இருந்தால் கூலருக்குப் போகும் ஆயிலே குறைந்துவிடும். பெட்ரோல் ஹோஸ் துண்டு போட்டு கிளிப் மாட்டிவிடும் வேலை வேண்டவே வேண்டாம். கியர் பாக்ஸ் ஆயிலுக்கும் அதன் சூட்டுக்கும் தகுந்த ஹோஸ்தான் வேண்டும். அந்த ஹோஸ் கழன்றால் கியர் பாக்ஸ் ஒரு சில நிமிடத்தில் ஆயில் இல்லாமல் ஓடும்.

பிரஷர் பார்க்கும் துளையிலும் சிலர் மாட்டுகிறார்கள். மூடியைக் கழற்றித் திருகினால் போதும், வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை. ஆனால் அது முட்டுச்சந்து. ஆயில் அங்கே ஓடுவதில்லை. எண் தாமதமாக வரும், சற்றுக் குறைத்தும் காட்டும்.

சம்ப்தான் தினசரி ஓட்டத்துக்கு நல்ல இடம். கிளட்ச்களுக்கும், கியர் மாற்றத்தை இயக்கும் வால்வ் பாடிக்கும் பம்ப் எடுத்துக் கொடுப்பது அந்த ஆயிலைத்தான். வேலை கொஞ்சம் அதிகம். ஆறிய காரை நான்கு ஸ்டாண்டில் மட்டமாக ஏற்றி, ஆயிலை வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து வைக்க வேண்டும். சம்ப்பைக் கழற்றியதும் உள்ளே மூலையில் ஒட்டியிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு மெல்லிசாகப் படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக இரும்பு இருந்தால் சென்சார் வாங்கும் காசைப் பத்திரமாக வையுங்கள், வேறு செலவு காத்திருக்கிறது.

சம்ப்பின் பக்கச் சுவரில், ஆயில் மட்டத்துக்குக் கீழே, ஃபில்டரும் வால்வ் பாடியும் இடிக்காத இடமாகக் குறிக்க வேண்டும். சைலன்சர் குழாய்க்கு எதிர்ப்பக்கம் நல்லது. அடித்தட்டில் வைத்தால் நம் ஸ்பீடு பிரேக்கர்கள் முதல் வாரத்திலேயே பெயர்த்துவிடும். துளை போட்டு, மரை வெட்டிய தடித்த நட்டை வெல்ட் செய்வது லேத் பட்டறை வேலை. சம்ப்பைத் தட்டையான இரும்புப் பலகையில் எல்லா போல்ட்டும் போட்டு இறுக்கிவிட்டு வெல்ட் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் சூட்டில் விளிம்பு வளைந்து, எத்தனை கேஸ்கெட் போட்டாலும் கசியும். அலுமினிய சம்ப் என்றால் டிக் வெல்டிங் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். முடிந்ததும் சம்ப்பில் டீசல் ஊற்றி ஓரிரவு விட்டுப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல வழக்கம்.

மரையில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு கேஜ் சென்சார்கள் பெரும்பாலும் 1/8 என்.பி.டி. என்னும் கூம்பு மரையில் வருகின்றன. அங்குலத்துக்கு 27 மரை. நம் பட்டறைகளில் கைவசம் இருக்கும் டேப் பெரும்பாலும் பி.எஸ்.பி., அங்குலத்துக்கு 28. இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். ‘டைட்டாகிவிட்டது சார்’ என்பார்கள். அது இறுக்கம் இல்லை, மரை சிதைவு. சென்சாரையே லேத்காரர் கையில் கொடுத்து, அதற்குத் தகுந்த டேப் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் துளை போடச் சொல்ல வேண்டும்.

வடிகால் போல்ட்டுக்குப் பதிலாகத் துளையிட்ட போல்ட் போட்டு அதில் சென்சாரைத் திருகும் வழியும் உண்டு. வெல்டிங் மிச்சம். ஆனால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும், கல்லடி படும். சில முன்சக்கர இழுவைக் கார்களில் அடியில் கழற்றும் சம்ப்பே கிடையாது, வால்வ் பாடி பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும். அவற்றுக்கு இந்த வழி, அல்லது கூலர் குழாய்.

சென்சார் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருள். ஒவ்வொரு கம்பெனி கேஜும் தன் சென்சாரின் கணக்கை மட்டுமே அறியும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் கேஜும் அடுத்த கடையில் சென்சாரும் வாங்கினால் முள் நகரும், எண் பொய். ஜோடியாக வாங்கி, மாட்டுவதற்கு முன்பே சோதித்துவிட வேண்டும். சமையலறைப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, சென்சாரின் முனையை மட்டும் நனைத்து, அதன் உடலையும் பேட்டரியின் நெகட்டிவையும் ஒயரால் இணைத்து கேஜைப் பாருங்கள். நம் ஊர் கடல் மட்டம். கொதிநீர் 100 டிகிரி. கேஜ் 100-க்குப் பக்கத்தில் நின்றால் நம்பலாம்.

ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாகவே போகிறது. டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றினால் எர்த் அறுந்து கேஜ் குறைத்துக் காட்டும். திரவ சீலன்ட் ஒரு சொட்டு, முதல் மரையை விட்டுவிட்டு, போதும். கேஜுக்கு சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், தனி பியூஸ் வழியாக, ஒரு எர்த், விளக்குக்கு பார்க் லைட் லைன், சென்சார் ஒயர். ஃபயர்வாலில் ரப்பர் குரோமெட் வழியாகவே ஒயர் உள்ளே வர வேண்டும். தகரத்தில் உரசிய ஒயர் ஒருநாள் ஷார்ட் ஆகும். சைலன்சர் பக்கம் போகாமல் சுருள் ஸ்லீவில் கட்ட வேண்டும்.

வாரண்டியில் இருக்கும் காரில் இவை எதையும் செய்யாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. புதிய ஆட்டோமேட்டிக் ஒவ்வொன்றுக்குள்ளும், அநேகமாக, ஆயில் சூட்டை அளக்கும் சென்சார் கம்பெனியே வைத்திருக்கிறது. கியர் எப்போது மாற்றுவது என்று முடிவு செய்ய கம்ப்யூட்டருக்கு அது வேண்டும். நமக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் புளூடூத் அடாப்டரைச் செருகி, செல்போன் ஆப் வழியாகப் படிக்கலாம். ஒரு சிக்கல்: எல்லாக் கார்களுக்கும் பொதுவாகக் கிடைக்கும் பட்டியலில் கியர் பாக்ஸ் ஆயில் சூடு பெரும்பாலும் வராது, அந்தந்த கம்பெனியின் தனிக் குறியீடு ஆப்பில் இருக்க வேண்டும். வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு அது இருக்கிறதா என்று கேளுங்கள். ‘கூலன்ட் டெம்பரேச்சர்’ என்று வருவது என்ஜின் தண்ணீர். அதைக் கியர் பாக்ஸ் சூடு என்று எண்ணிவிடக் கூடாது.

சூட்டை அறிவதால் இன்னொரு பெரிய நன்மை. பல புதிய கியர் பாக்ஸ்களில் ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கே கிடையாது. பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஆயில் நூலாக வழிந்தால் அளவு சரி. ஆனால் அந்தச் சோதனை குறிப்பிட்ட சூட்டில் மட்டுமே செல்லும். பி.எம்.டபிள்யூ கார்கள் பலவற்றில் இருக்கும் இசட்.எஃப். கியர் பாக்ஸுக்கு 30 முதல் 50 டிகிரிக்குள், என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். மே மாத மதியம் தெருவோரம் நிற்கும் காரில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே அந்த எல்லை கடந்துவிடும். சூட்டில் விரிந்த ஆயில் அதிகமாக வழிய, ‘அளவு கூடுதல்’ என்று வடித்துவிட்டால் காலையில் குளிர்ந்ததும் ஆயில் பற்றாக்குறை. கண்ணால் பார்த்து ஊற்றும் இடங்களில் ஆயில் மாற்றிய பிறகு வரும் ‘ஸ்லிப்’ புகார்களில் ஒரு பங்கு இதிலிருந்துதான் பிறக்கிறது.

மாட்டிய பிறகு முதல் இரண்டு வாரம் எண்களைக் குறித்து வையுங்கள். காலையில் காலியான கடற்கரைச் சாலையில் எவ்வளவு, மாலையில் மத்திய கைலாஷ் சிக்னலில் எவ்வளவு, திரு.வி.க. பாலத்தில் ஊரும்போது எவ்வளவு. அதுதான் உங்கள் காரின் இயல்பு. ஆறு மாதம் கழித்து அதே சாலையில், அதே வெயிலில் எட்டு, பத்து டிகிரி கூடினால் கூலரையும் ரேடியேட்டரையும் பாருங்கள், ஆயிலின் நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். கருத்து, கருகல் வாடை அடித்தால் கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல் மாற்றுங்கள்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு டி-யிலேயே ஏறினால் கியர் பாக்ஸ் மேலும் கீழும் மாற்றிக்கொண்டே இருக்கும், லாக்-அப் பிடிக்காது. கீழ் கியரிலேயே வைத்து, என்ஜின் சுற்று சற்றுக் கூடுதலாக ஏறினால் ஆயில் குறைவாகச் சூடாகும். கேஜ் இருந்தால் இந்த வித்தியாசத்தை இரண்டே வளைவில் கண்ணால் காணலாம்.

சம்ப்பில் எண் 120-ஐத் தொட்டால்? ஓரமாக நிறுத்துங்கள், ஆனால் என்ஜினை அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நிற்கும், கூலருக்கு ஆயில் போகாது. பார்க்கில் அல்லது நியூட்ரலில் வைத்து, என்ஜினை 1,200 முதல் 1,500 சுற்றில் ஓட விடுங்கள். அலிசன் கையேடு பஸ் ஓட்டுநர்களுக்குச் சொல்லும் வழியும் இதேதான்: இரண்டு, மூன்று நிமிடத்தில் எண் இறங்க வேண்டும். இறங்காமல் என்ஜின் முள்ளும் சேர்ந்து ஏறினால் கோளாறு ரேடியேட்டர் பக்கம்; என்ஜின் முள் அமைதியாக இருந்து கியர் பாக்ஸ் எண் மட்டும் இறங்க மறுத்தால் கூலர் குழாயிலோ கியர் பாக்ஸுக்குள்ளோ. மெக்கானிக்கிடம் போகும்போது இந்த இரண்டு எண்களையும், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதிக் கொடுங்கள்.